லேசானதுதான் நகரும்

"நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வந்துடறேன்."

"உன் லேப்?"

"அது எங்க ஓடிடப் போகுது? அதுக்குக் கால் இருக்கா என்ன?"

ரயில் நகரத் தொடங்கியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கணவன் சொன்னது அது. அவளும் சிரித்துவிட்டாள். ரோபோக்களுக்கு வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை அவளுக்கு அப்போதுதான் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கிடைத்திருந்தது. அவன் இயற்பியல்காரன். உலோகங்களைப் பனிக்கட்டிக்கும் கீழே, இன்னும் கீழே குளிரவைத்து, அந்தக் குளிரில் அவை என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவன். சொன்ன சொல் தவறவில்லை. வந்துவிட்டான். லேப்தான் வரவில்லை. இங்கே அவனுக்குக் கிடைத்தது, கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஊசல் ஆட்டிக் காட்டும் தற்காலிக வேலை. "பெண்டுலம் வாத்தியார்" என்று தனக்குத் தானே பேர் வைத்துக்கொண்டான். தற்காலிகம் என்ற சொல்லைப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அன்று ரயிலடியில் அவள் கேட்டது அந்த ஒரே கேள்விதான். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை என்பது, பல வருஷம் கழித்து ஒரு முதியோர் இல்லத்தின் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

நீண்ட, குறுகலான தாழ்வாரம். இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, வரிசையாகக் கதவுகள், பினாயில் வாசனை. துவைத்த துணிகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் சுமந்துகொண்டு இடுப்பளவு உயரத்தில் அவளுடைய ரோபோ உருண்டு போய்க்கொண்டிருந்தது. இங்கிருக்கும் பெரியவர்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்திருந்தார்கள். வந்தால் எல்லோரும் ஒதுங்கி நிற்க வேண்டும், போன பிறகுதான் மூச்சு விட வேண்டும், வேறென்ன பேர் வைப்பது என்று கேட்டார்கள்.

இப்படிப்பட்ட இயந்திரங்களை எல்லா இல்லங்களிலும் வைக்கலாமா என்று அரசுக்குச் சொல்ல வேண்டியவள் சமூகக் கொள்கைத் துறையின் ஆராய்ச்சியாளர். வயதில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அக்கா. அன்று முழுக்கத் தாழ்வாரத்தின் கோடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களாக்கா? இது வரைக்கும் ஒருத்தர் மேலகூட மோதலை," என்றாள் இவள். குரலில் பெருமை ஒளியவில்லை.

"மோதலைதான். ஆள் இருந்தாத்தானே மோதும்?"

"என்னக்கா சொல்றீங்க?"

அக்கா முகவாயால் எதிர்க் கதவைக் காட்டினாள். அது கொஞ்சமாகத் திறந்தது. ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மாப்பிள்ளை போயிட்டாரா?"

"போயிட்டாரு. நீங்க வாங்க," என்றாள் அக்கா.

அவர் வாக்கரை முன்னால் வைத்து ஊன்றி மெல்ல வெளியே வந்தார். இவளைப் பார்த்ததும் சங்கடமாகச் சிரித்தார். "தப்பா நினைக்காதம்மா. நல்ல பிள்ளைதான். நான் வந்தா நின்னு வழி விடுது. ஆனா நான் அசைஞ்சு அசைஞ்சு போறதுக்குள்ள அது பாட்டுக்குக் காத்துக்கிட்டு நிக்குதா, எனக்கே கூச்சமா இருக்கு. அதுக்கு ஆயிரம் வேலை இருக்கும். அதான் அது வர்ற நேரத்துல நான் உள்ளயே இருந்துக்கறது."

அவர் வாக்கரைத் தள்ளித் தள்ளி நகர்ந்தார். கோடிவரை போகவில்லை. பாதியிலேயே திரும்பி ரோபோ போன திசையைப் பார்த்துவிட்டு, அறைக்கே போய்விட்டார்.

"உன் கணக்குல இவர் எங்கம்மா இருக்காரு?" என்றாள் அக்கா.

எங்கேயும் இல்லை. கதவுக்குப் பின்னால் நிற்கிறவரை, ரோபோவை நடத்தும் அவளுடைய கணக்கு 'காலியான வழி' என்றுதான் படித்துக்கொண்டது.

அந்தக் கணக்கின் மூல யோசனையே கணவனுடையது. மனிதர்கள் தெருவில் ஒருவரை ஒருவர் தொடாமல் எப்படி விலகிப் போகிறார்கள் என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு வட்டக் காந்தங்களைக் கழற்றிவந்து சாப்பாட்டு மேசையில் படுக்கவைத்தான். ஒன்றை விரலால் தள்ளினான். மற்றது தொடாமலே விலகி ஓடியது. "இவ்ளோதான் ப்ரொபசரம்மா. ஆளுக்கு ஆள் ஒரு தள்ளு விசை." அவள் துள்ளி எழுந்து மடிக்கணினியை எடுக்க ஓடினாள். அவன் பின்னாலிருந்து ஏதோ சொன்னான். அன்று காதில் விழுந்தும் மனதில் ஏறாத அந்த வாக்கியம், இப்போது இல்லத்திலிருந்து வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவே முழுசாகத் திரும்பி வந்தது.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு ஒரே அளவுதான் தள்ளும். ஆனா லேசானதுதான் நகரும்."

அவர்கள் வீட்டில் சண்டையே கிடையாது. அது குடும்பத்தில் பிரசித்தம். "என் மாப்பிள்ளை இது வரைக்கும் வாயத் திறந்து ஒண்ணு கேட்டதில்ல," என்று அவள் அம்மா தொலைபேசியில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொல்வாள். "வாய் இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க அத்தை," என்று அண்ணி கிண்டல் செய்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் சமையலறையில் இருந்தான். ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒருக்களித்துத்தான் போக வேண்டும், அத்தனை ஒடுக்கமான அறை. அவளைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டை மார்போடு சேர்த்துக்கொண்டு, முதுகை ஃபிரிட்ஜில் ஒட்டவைத்து ஒதுங்கி நின்றான். தினமும் செய்வதுதான். அதை அன்பு என்று நினைத்திருந்தாள். அன்பும்தான்.

அவள் கடந்து போகவில்லை. அவனுக்கு நேர் எதிரே நின்றுகொண்டாள்.

"என்ன, மாப்பிள்ளை இன்னைக்கு யாரையாவது இடிச்சிட்டாரா? முகம் இப்படி இருக்கு?"

"இல்ல. உனக்கு என்ன வேணும்?"

"எனக்கா? இந்தத் தட்டை வைக்க இடம் வேணும். நீ கொஞ்சம் நகர்ந்தா..."

"விளையாடாத. நிஜமாத்தான் கேக்கறேன்."

"எனக்கென்ன குறை? சாப்பிடலாம் வா, ஆறிடும்."

"ஆறட்டும்."

அவன் தட்டைப் பார்த்தான். அதில் துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கட்டைவிரலால் விளிம்பைத் துடைத்தான். வெளியே யாரோ வண்டியை நிறுத்த இடம் தேடி முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஏதாவது பேசி இந்த இடைவெளியை நிரப்ப வேண்டும் என்று அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. கேள்வியையும் கேட்டு, அவன் சார்பில் பதிலையும் தானே சொல்லி, அவன் தலையாட்டியதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போவதுதான் அவள் வழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பழைய லேப்..." என்றான் அவன். நிறுத்தினான். "வருஷா வருஷம் கூப்பிடுவாங்க. நானும் வருஷா வருஷம் யோசிச்சு சொல்றேன்னு சொல்லிடுவேன்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே?"

"நீ எப்பவும் எங்கேயோ போயிட்டிருந்த. நடுவுல வந்து நிக்க வேணாம்னு இருந்துட்டேன்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அந்தப் பெரியவரிடம் இருந்த அதே கூச்சம். அவள் கண்ணை எடுக்காமல், நகராமல் நின்றாள். இந்த வேலை, கட்டியெழுப்பிய குழு, இந்த ஊர் எல்லாம் அவளுக்குப் பின்னால் கனமாக நின்றன.

அவன் தட்டை மேடையில் வைத்தான். முதுகு ஃபிரிட்ஜை விட்டு விலகியபோது ஒரு வட்டக் காந்தம் கழன்று தரையில் விழுந்து, உருண்டு, அவர்கள் இருவருடைய கால்களுக்கும் நடுவே சுழன்று படுத்தது. யாரும் குனியவில்லை.

"இந்தத் தடவை," என்றான் அவன், "நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வர்றியா?"