தீக்கோடு வெட்ட அனுமதி

சொந்த நிலத்தில் நிற்கிற மூங்கிலை வெட்டியதற்காக ஒரு மனுசனை ஜெயிலில் போடுவார்களா? போட்டார்கள். என் வீட்டுக்காரர் அழகுமலையைத்தான் போட்டார்கள். கெங்குவார்பட்டிக்கு மேலே மலைச்சரிவில் எங்கள் நிலம். பட்டா அவர் பேரில் இருக்கிறது, வரி கட்டின ரசீதும் இருக்கிறது. ஆனால் சர்க்கார் கணக்கில் அது ‘தனியார் காடு’. நிலம் உன்னுடையது, மரம் உன்னுடையது, அனுமதி இல்லாமல் அரிவாளை மட்டும் வைத்துவிடாதே என்று சட்டம். நல்ல சட்டம் போங்கள்! ஆட்டுக்கொட்டகை சாய்கிறதே என்று முட்டுக்கொடுக்க நாலு மூங்கில் வெட்டினார். யாரோ புண்ணியவான் போட்டுக்கொடுத்தான். ரெண்டு வாரம் உள்ளே கிடந்தார்.

உள்ளே என்ன நடந்ததென்று அவர் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. திரும்பி வந்தவர் ஆளே பாதியாகிப் போயிருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. ஒருநாள் சாயங்காலம் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “சந்தனம், இன்னொரு வாட்டி என்னைய அங்கன போக விட்றாத. நான் உசுரோட திரும்ப மாட்டேன்” என்றார். பிள்ளை குட்டி இல்லாத எனக்கு அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிறவரைக்கும் விட மாட்டேன் என்று சொன்னேன்.

2004இல் எங்கள் மூங்கில் பூத்தது. மூங்கில் ஆயுசுக்கு ஒரு தடவைதான் பூக்கும், பூத்தால் செத்துப்போகும். மூங்கிலரிசி பொறுக்க ஊரிலிருந்து பெண்கள் முறமும் விளக்குமாறுமாக வந்து போனார்கள். அதற்குப் பிறகு சரிவு முழுவதும் காய்ந்த மூங்கில்தான். ஒரு பீடிக் கங்கு விழுந்தால் போதும், மேலே பிடித்தது கீழே எங்கள் குடிசைவரை வந்து, அதற்கும் கீழே உள்ளவர்களின் மாந்தோப்புக்குள் இறங்கிவிடும். நடுவில் குறுக்காக ஒரு பட்டை அகலத்துக்கு எல்லாவற்றையும் வெட்டிக் கூட்டி மண் தெரிகிற மாதிரி வைத்தால் தீ தாண்டாது. தீக்கோடு என்பது அதுதான். வெட்டினால் குடிசை பிழைக்கும், ஆனால் அவர் உள்ளே போவார். வெட்டாவிட்டால் அவர் வெளியே இருப்பார், குடிசை இருக்காது.

உத்தமபாளையத்தில் ரியாசுதீன் என்று ஒருத்தர், ஏலக்காய் யாவாரி. அவருக்கும் மலையில் இதே கதியில் நிலம் இருந்தது. தனியார் காட்டு நில உரிமையாளர் சங்கம் என்று ஒன்றை அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்தால் வருகிற நாலு பேர். ஆனாலும் மனுசர் அசர மாட்டார், சட்டப் புத்தகத்தைக் கையிலேயே வைத்திருப்பார்.

“கவலப்படாதீக அண்ணே. சட்டத்துல வழி இருக்கு. தீக்கோடு வெட்ட அனுமதி வேணும்னு முறையா மனுப் போடுவோம்” என்றார்.

“பேப்பர் வந்துரும்ல பாய்?” என்று என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி கேட்டார்.

“வர வைக்கிறேன்.”

போட்டோம். ஐப்பசியில் போட்டது தையிலும் வரவில்லை. சர்வேயர் பார்க்க வேண்டும் என்றார்கள், சர்வேயர் லீவு என்றார்கள், வேறு ஆபீசுக்குப் போயிருக்கிறது என்றார்கள். குறை தீர்க்கும் நாளன்று ரியாஸ் பாயோடு நாங்களும் தேனிக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி மனுவைப் புரட்டிப் பார்த்தார்.

“கமிட்டி வந்து பாக்கணும்மா. சித்திரையில கூடுவாங்க” என்றார்.

“அதுவரைக்கும் தீ ஒங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிக்குமாய்யா?” என்றேன்.

ரியாஸ் பாய் “அக்கா, அக்கா” என்று பதறினார். அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது பாய் சன்னலைப் பார்த்தபடியே வந்தார். “நான் விட மாட்டேன்க்கா, மெட்ராசுக்கு எழுதுறேன்” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் அரிவாளை எடுத்துவிட்டேன். அவர் வாசலில் குறுக்கே நின்றார்.

“நான் வெட்டுறேன். நீங்க பேசாம இருங்க. பொம்பளைய என்ன செய்றாகன்னு பாக்குறேன்.”

“நீ வெட்டுனாலும் பட்டா என் பேர்ல இருக்கு. என்னையத்தான்டி புடிப்பாக” என்றார். அரிவாளை எறவானத்திலேயே செருகிவிட்டேன்.

இதையெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து என் நாத்தனார் மொக்கம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு மூத்தவள். புருசன் செத்தபிறகு எங்களோடுதான் இருந்தாள். நிலம் துண்டாகக் கூடாது என்று தன் பங்கைத் தம்பிக்கே எழுதிக் கொடுத்தவள். இளைப்பு நோய்க்காரி, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். மதினி என்றுதான் கூப்பிடுவேன். நானும் அவளும் நாளைக்கு ரெண்டு சண்டையாவது போடுவோம், பெரும்பாலும் கத்துவது நான்தான்.

பங்குனி பிறந்து ஒரு மத்தியானம். நான் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். மேலே படபடவென்று வெடிச்சத்தம். கலியாண வீட்டு வேட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால் சரிவின் உச்சியில் புகை. மூங்கில் கணுக்கணுவாக வெடித்துக்கொண்டிருந்தது. காற்று எங்களைப் பார்த்து அடித்தது.

ஆட்டையெல்லாம் அவிழ்த்து விரட்டிவிட்டுத் திரும்பினேன். அவர் அரிவாளோடு மூங்கில் புதருக்கு முன்னால் நிற்கிறார். நிற்கிறார் என்றால் நின்றுகொண்டே இருக்கிறார். அனல் முகத்தில் அடிக்கிறது, கை தூக்கவில்லை.

“வெட்டுங்கய்யா!”

“பேப்பர் வரலையே சந்தனம்” என்றார். கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது.

அட கடவுளே! எந்தப் பெண்ணும் தன் புருசனை அப்படி ஒரு கோலத்தில் பார்க்கக் கூடாது. நான் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். “பேப்பரும் வேண்டாம் மயிரும் வேண்டாம், வெட்டுய்யா!” என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவர் வெட்டினார் பாருங்கள், பேய் பிடித்தவர் மாதிரி வெட்டினார். நான் இழுத்துப் போட்டேன். மதினி எங்கிருந்தோ மூச்சிரைக்க ஓடிவந்து சருகை வெறுங்கையால் வாரி எறிந்தாள். கீழே மாந்தோப்புக்காரர்களும் பச்சைக்கொப்புகளை ஒடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். பொழுது சாயும்போது தீ அந்தக் கோட்டில் நின்றது. குடிசை தப்பியது, தோப்புகள் தப்பின. மேலே எங்கள் புளி, இலவு, மூங்கில் எல்லாம் கரியாகி நின்றன.

எல்லாரும் இறங்கிப்போன பிறகு தண்ணீர்த் தொட்டியருகே மதினியின் கையைப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் வெந்திருந்தன. கழுவி விடலாம் என்று குனிந்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“சந்தனம், நாந்தாண்டி வச்சேன்” என்றாள்.

“என்னத்த மதினி?” என்றேன்.

“ஓடைக்கு அந்தப் பக்கம் புல்லுப்பாறையில... மலைக்குத் தீ போட்டு வேண்டிக்கிட்டா நெனச்சது நடக்கும்பாகல்ல. தம்பிக்குப் பேப்பர் வந்துரணும்னு தேங்கா ஒடச்சு, சூடம் ஏத்தி, ஒரு பிடி புல்லுலதான் வச்சேன். அணஞ்சிரும்னு பாத்தேன். காத்து தூக்கிருச்சு.”

எங்கள் பக்கத்தில் இது உள்ளதுதான். பிள்ளை வரத்துக்கும் மழைக்கும் மலையில் தீ போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இது என்ன கொடுமை! தீயைத் தடுக்கப் பேப்பர் வேண்டுமென்று தீயையே வைத்திருக்கிறாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். “பாவி, குடியக் கெடுத்தியே பாவி!” என்று அலறினேன். அவள் முகத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். என் கை இறங்கவில்லை. திரும்பினால் அவர் பின்னால் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வேலியோரம் போய்க் கத்தாழை ஒடித்து வந்து அக்காவின் கையில் தடவிவிட்டார்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. ஃபாரஸ்ட் ரேஞ்சரும் ரெண்டு கார்டுகளும். ரேஞ்சர் சின்ன வயசுக்காரர், தன்மையானவர். வெட்டுப்பட்ட மூங்கில்களைச் சுற்றிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கைகட்டி நின்றார், கால் ஆடிக்கொண்டிருந்தது.

“பயப்படாதீங்க. தீயை நிறுத்தத்தான் வெட்டியிருக்கீங்க. அதை நானே ரிப்போர்ட்டுல எழுதுறேன், கேஸ் வராது” என்றார் ரேஞ்சர்.

சுருளி மலையில் இருக்கிற சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

“ஆனா தீ வச்சது யாரு? அதுக்கு நான் ஆளைக் கொண்டுபோகணும்” என்றார் ரேஞ்சர். ஒரு கார்டு கையை விரித்துக் காட்டினான். கருகின தேங்காய்ச் சிரட்டை. “உங்க வீட்டுல இருந்து புல்லுப்பாறைக்குப் போற ஒத்தையடிப் பாதையில கிடந்திருக்கு. மேல வேற வீடே இல்ல.”

“அய்யா, அது நான்...” என்று மதினி முன்னால் வந்தாள். இளைப்பு அவள் பேச்சை அடைத்தது.

“அக்கா, உள்ள போ!” என்று அவர் போட்ட சத்தத்தில் கார்டே திரும்பிப் பார்த்தான். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. பிறகு ரேஞ்சரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். “நாந்தான்யா. பேப்பர் வரணும்னு வேண்டிக்கிட்டு வச்சேன்.”

ரேஞ்சருக்கு நம்பிக்கை வரவில்லை. அவருடைய நடுங்குகிற காலைப் பார்த்தார், சேலைத் தலைப்புக்குள் கையை மறைத்துக்கொண்டு நிற்கிற மதினியைப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

“ஏம்மா, நீங்க சொல்லுங்க. இவர் சொல்றது நெசமா?”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை போதும், அவர் வீட்டில் இருப்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அதற்குப் பிறகு என் முகத்தில் அவர் முழிக்கவே மாட்டார். அந்த இளைப்புக்காரி உள்ளே ஒரு வாரம் தாங்க மாட்டாள். ஐயோ, என்னை ஏன் கேட்கிறான் இந்தப் பாவி!

“ஆமாய்யா, அவருதான் வச்சாரு” என்றேன்.

மதினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார். என் வீட்டுக்காரர் செருப்பைத் தேடினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.