பாதி தீர்ந்த மருந்து

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் அவளுக்கு மருக்கள் வந்தன, வெளியே சொல்ல முடியாத இடத்தில். சீருடை தைக்கும் கடையில் நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்காருகிறவள். சூட்டுக் கட்டி என்று நினைத்து ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கொத்தாகப் பெருகியதும் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "இது எச்பிவி. ரொம்பப் பேருக்கு வர்ற வைரஸ்தான். உடலுறவுல தொத்தும். வருஷக்கணக்கா சத்தமில்லாம உள்ளேயே கிடக்கும், கர்ப்பத்துல தலைதூக்கும். உறைய வச்சு உதிர்த்துடலாம். குழந்தைக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. என்னைக் கேக்காம நீயா எதையும் தடவிடாதே."

நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கணவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் காதில் ஏறியது ஒரே வார்த்தைதான்.

"உடலுறவுலயா? எங்கேருந்து வாங்கிட்டு வந்தே?"

"உங்களைத் தவிர எனக்கு யாருங்க?"

அவன் அம்மாவிடம் மட்டும் போய்ச் சொன்னான். மறுநாளே மாமியார் அவளுடைய தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைத்தாள். "என் பிள்ளை தலையில இப்படியா வந்து விடியணும்!"

மூன்றாம் நாள் அவன் ஒரு சின்ன பாட்டிலை நீட்டினான். "இதைத் தடவு, உதிர்ந்துடும். சும்மா ஆஸ்பத்திரிக்குப் போய் மானத்தை வாங்காதே."

மருந்து பாதி தீர்ந்திருந்தது. அவள் அதைத் திறக்காமல் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள். அவர் முகம் மாறிவிட்டது.

"நல்லவேளை, போடலையே! மருவுக்கான மருந்துதான். ஆனா கர்ப்பிணிங்க தொடவே கூடாது, குழந்தைக்கு ஆபத்து. இது காலாவதியாகியே மூணு வருஷம் ஆச்சே, யாரு குடுத்தது?"

அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

அன்று மருக்களை உறைய வைத்தபோது சுரீரென்று எரிந்தது. அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

"உங்களுக்காக வாங்கினதுதானே இது?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தான். "கல்யாணத்துக்கு முன்னாடி வந்துச்சு. போயிடுச்சுன்னு நினைச்சேன்."

"தெரிஞ்சிருந்துமா என்னை அப்படிக் கேட்டீங்க?"

"அம்மாகிட்ட சொல்லிடாதே."

பிள்ளை பிறக்கும்வரை வாயை மூடிக்கொண்டு, தனியாகவே போய்ச் சிகிச்சை செய்துகொண்டாள். சுகப்பிரசவம். பெண் குழந்தை, ஒரு குறையும் இல்லை.

குழந்தையைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். மாமியார் குரலைத் தாழ்த்தினாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "இவளுக்கு வந்த நோய்க்கு வேற ஒருத்தனா இருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பான். என் பிள்ளைக்குப் பெரிய மனசு."

"அத்தை, அது முதல்ல வந்தது உங்க பிள்ளைக்கு. இதோ உக்காந்திருக்காரே, கேளுங்க."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"பச்சை உடம்பு, ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசுறா. விடும்மா."

பக்கத்து வீட்டுக்காரி 'உச்' கொட்டினாள், அவனுக்காக. குழந்தை பாலுக்கு அழுதது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.