நேராக நின்ற குமிழ்கள்

தொண்ணூற்று நாலில், சரஸ்வதி பூஜைக்காக வாத்தியங்களைத் துடைத்த என் கணவர் ஸ்ரீவத்சன், என் பழைய அனலாக் சிந்தசைசர் கீபோர்டின் குமிழ்களையெல்லாம் ஒரே பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார். மறுநாள் காலையில் அதை வாசித்தால் கொசு முனகுகிறது. மத்தியானம் தி.நகரில் ரெக்கார்டிங்.

"ஆளுக்கொரு பக்கம் பாத்துண்டிருந்தது. நேரா வெச்சேன். லட்சணமா இருக்கோன்னோ?" என்றார்.

"ஏன்னா, அந்த சவுண்டைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு."

"பட்டனைத் தட்டினா வராதா? புது கீபோர்டுலெல்லாம் வரதே."

புதுசுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியும். இதில் குமிழ்கள் நிற்கும் இடம்தான் ஓசை. மயிலாப்பூர் வெயிலில் சூடேறினால் சுருதி லேசாக அசையும். அந்த அசைவுக்காகத்தான் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். சின்ன வயதிலிருந்து வீணை வாசிக்கிற மனுஷருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

"மெஷின்தானே, இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறயே" என்று குளிக்கப் போனார்.

திரும்பி வந்து வீணையை மடியில் வைத்து மீட்டினார். தந்திகள் தொளதொளத்தன.

"பிரடையை யார் திருகினது?" தந்திகளை முறுக்கும் அந்த முளைகளைத் தடவிப் பார்த்தார்.

"ஏழும் ஆளுக்கொரு பக்கம் பாத்துண்டிருந்தது" என்றேன். "நேரா வெச்சேன்."