மூன்றுக்கு அடுத்த எண்

டுலூத் என்ற ஏரிக்கரை நகரத்துப் பள்ளியில் முப்பத்தெட்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் வெர்னர் கொஸ்கெலா. ஆனால் அந்த வீட்டில் எண் பைத்தியம் அவர் மனைவி ஐலாவுக்குத்தான். புதுவீட்டுக்கு வந்தால் மற்றவர்கள் திரைச்சீலை வாங்குவார்கள். ஐலா வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

விளையாட்டு எளிது. ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் சிறிய எண்களையெல்லாம் கூட்டினால் அடுத்த எண். பன்னிரண்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, கூட்டினால் பதினாறு. அதிலிருந்து பதினைந்து, ஒன்பது, நான்கு, மூன்று. மூன்றை வகுக்க ஒன்றுதான் உண்டு. ஒன்றுக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. சில எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே போகும். முடியுமா என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தொலைபேசி எண்ணில் தொடங்கிய ஐலாவின் எண் முப்பது வருடமாக ஏறி, நூற்றைம்பது இலக்கம் தாண்டியிருந்தது. ஒவ்வொரு படிக்கும் நிலவறைக் கணினி வாரக்கணக்கில் உறுமும்.

அக்டோபரில் ஐலாவின் கணையத்தில் கட்டி என்றார்கள். அதே வாரம் எண் இறங்கத் தொடங்கியது.

வெர்னர் முதலில் சிரித்தார். பிப்ரவரியில் அது நாற்பது இலக்கமானது, அவளுக்கு ஓட்ஸ் கஞ்சியும் இறங்கவில்லை. அப்போது சிரிப்பு நின்றுபோனது. ஏப்ரலில் ஒன்பதே இலக்கம். எண் இவ்வளவு சிறுத்த பிறகு வாரக்கணக்கு வேண்டாம், இன்னும் ஒரு நிமிடம் ஓடவிட்டால் முடிவு தெரிந்துவிடும். அவர் பிளக்கைப் பிடுங்கினார். பயம்தான், வேறு பெயர் சொல்லி என்ன பயன்?

ஏரியில் பனிக்கட்டி உடைந்துகொண்டிருந்த ஒரு காலையில், ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அவள் கேட்டாள்.

"இப்ப எத்தனை இலக்கம்?"

"நூத்தி நாப்பது. மெஷின் இன்னும் மென்னுகிட்டே இருக்கு."

"உனக்குப் பொய் சொல்லவே வராது வெர்னர். இத்தனை வருஷம் பசங்ககிட்ட எப்படித்தான் பொழச்சியோ."

கண்ணை மூடிக்கொண்டு அவள் மெதுவாக ஓர் எண்ணைச் சொன்னாள். ஒன்பது இலக்கம். பிளக்கைப் பிடுங்கியபோது திரையில் நின்ற அதே எண். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் படியிறங்கியதே இல்லை. வெர்னருக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது.

"வேண்டாம் ஐலா. நிறுத்து."

"நீ பிளக்கைப் பிடுங்கினா அது நின்னுடுமா? அந்த நம்பரை எழுதுன அன்னைக்கே இது இவ்வளவுதான்னு இருந்திருக்கு. நாமதான் பாக்கல."

அவள் இறங்கிக்கொண்டே போனாள். மூச்சுக்கு ஓர் எண். அவர் எதையும் சரிபார்க்கவில்லை; சரியாகத்தான் இருக்கும்.

"எழுநூத்தித் தொண்ணூத்தொண்ணு. நூத்தி இருபத்தொண்ணு. பன்னெண்டு."

பன்னிரண்டுக்குப் பிறகு அவருக்கே தெரியும். பதினாறு, பதினைந்து, ஒன்பது என்று அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லிட்டிருந்தது.

"நாலு. மூணு." கண்ணைத் திறந்தாள். "அப்புறம்? நீ சொல்லு வாத்தியாரே."



"அஞ்சு" என்றார்.

வாழ்நாளில் அவர் சொன்ன முதல் தப்புக் கணக்கு அது. ஐலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையை மெல்ல ஆட்டி, அவர் உள்ளங்கையில் விரலால் ஒரே ஒரு கோடு போட்டாள். விரல் அங்கேயே நின்றுவிட்டது.