காப்புக் கட்டியவன் மேல் பட்ட பந்து

1

இந்தக் கதை என் இடது காதுக்கு மேலே தொடங்கியது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு திடல். நான் ஆட்டத்துக்கு முதுகு காட்டிக் கச்சான் கடலை வாங்கிக்கொண்டிருந்தேன். பந்து வந்தது, விழுந்தேன். ஓடிவந்த ஆட்டக்காரர் என்னைத் தாண்டிக் குனிந்து, "பந்து எங்க போச்சுண்ணே?" என்று கேட்டார். கச்சான் விற்ற அக்காதான், "நல்ல வேள, கச்சான் கொட்டலலா" என்று ஆறுதல் சொன்னார்.

வீங்கிய தலையோடு படுத்துக்கிடந்தபோது யோசித்தேன். ஆடுகிறவனுக்கு அடிபட்டால் அது வீரம். வேடிக்கை பார்க்கிறவனுக்கு அடிபட்டால் சிரிப்பு. வேடிக்கை பார்க்கக்கூட வராமல், யாரோ நிற்கச் சொன்னதால் நின்றவனுக்கு அடிபட்டால்? அவனைத் தேடி 1926க்கு, ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே ஆட்களை நானே உண்டாக்கிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "பால்மரத்து இலைகளின் ஊடே பொன்னிறக் கதிர்கள்—"

அடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் ஏவலுக்கு வந்து நிற்கிறவனுக்கு வெயில் பொன்னிறமாகத் தெரியாது. கண் கூசும், அவ்வளவுதான்.

இரண்டாவது: "சன்னாசி மானமுள்ள—"

இதுவும் வேண்டாம். ஒருவனை மானமுள்ளவன் என்று எழுத்தாளர் புகழ ஆரம்பித்தால், நாலு பக்கம் தள்ளி அவனைக் கொல்லப்போகிறார் என்று பொருள். சன்னாசி சாக மாட்டான். வாக்குக் கொடுக்கிறேன்.

மூன்றாவது: சன்னாசி பந்து பொறுக்க நின்றான்.

இது போதும். அக்கம்பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்கள் கூடிக் கிரிக்கெட் ஆடினார்கள். ஆட்டக் கயிற்றுக்கு வெளியே இடுப்புயர லாலான் புல். பந்து அதற்குள் போனால் தேட நாலு தொழிலாளிகள். அந்த நாலில் ஒருவன் சன்னாசி. வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு* கட்டியிருந்தான். அடுத்த ஞாயிறு தோட்டத்து மாரியம்மனுக்குத் தீமிதி.

(* கட்டிவிட்டால் கவிச்சி கூடாது, கெட்ட பேச்சு கூடாது. பந்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை.)

அவன் மனைவி வீரம்மா குளிர்காய்ச்சலில் இருபது நாள் கிடந்தவள். கஞ்சியும் இறங்காமல் போன அன்று, தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். மறுநாள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சிக்கு ஊறுகாய் இல்லையா என்று சண்டை பிடித்தாள். அம்மன் தன் பேச்சைக் காப்பாற்றிவிட்டாள். இனி அவன் முறை.

3

கெண்டைக்காலில் அட்டை ஏறியது. சன்னாசி குனிந்து பிய்த்துப் போட்டான். நிமிர்ந்தான். பந்து நெற்றியில் பட்டது.

ஓடிவந்த துரை பந்தை எடுத்துத் தையலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு சன்னாசியைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். (வருத்தம் தெரிவித்தார் என்றே வைத்துக்கொள்வோம். எழுதுவது நான்தானே, கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.)

பக்கத்தில் பந்து பொறுக்க நின்ற பத்துமலை, "தலையால அடிச்சா துரைங்க சேத்துக்க மாட்டாங்க மச்சான்" என்றான். சன்னாசியே சிரித்துவிட்டான். கதை அதோடு முடிந்திருக்கும்.

அப்போது தேத்தண்ணி விற்க முகம்மது கௌஸ் வந்தார். எனக்கு இவர்மேல் சந்தேகம் உண்டு; கதைக்கு வேண்டிய நேரத்தில், வேண்டிய விவரத்தோடு வந்து நிற்கிறார். ஊரில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவராம். மூன்று முறை கதைக்கு வெளியே அனுப்பினேன். வெயிலில் தேத்தண்ணிக்காரரை எவ்வளவு நேரம் தடுக்க முடியும்? அவர் காலடிக்கு உருண்டு வந்த பந்தை எடுத்து, நகத்தால் அழுத்தி, முகர்ந்து, "அசல் மாட்டுத் தோலு. பதம் நல்லா ஏறியிருக்கு" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. தெரிந்த தொழிலை எதிர்பாராத இடத்தில் பார்த்த மகிழ்ச்சி.

மற்றவர்கள் சன்னாசியின் நெற்றியைப் பார்த்தார்கள். பிறகு மணிக்கட்டை.

அதை ரப்பர் பந்து என்றே சன்னாசி அதுவரை நினைத்திருந்தான். தினமும் வெட்டி இறக்கும் பாலெல்லாம் வேறு எங்கேதான் போகிறது? ரப்பர் பட்டால் வீங்கும். தோல் பட்டால் செருப்படி. காப்புக் கட்டியவனுக்குச் செருப்படி!

4

தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தின் பூசாரி உடையப்பன் காப்பை அவிழ்க்கச் சொன்னார். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமாம். அவரைக் கொடுமைக்காரராக எழுத ஆசைதான். ஆனால் அவரும் விடிந்தால் மரம் வெட்டப் போகிறவர். சாமி விஷயத்தில் தப்பு நடந்தால் லயமே தன்னைப் பிடிக்கும் என்று பயந்தவர்.

ஊர் சிரிப்பது சன்னாசிக்குப் பெரிதில்லை. தீ மிதிக்காவிட்டால் அவளுக்குக் காய்ச்சல் திரும்பிவிடுமோ என்பதுதான் பயம். அன்று மாலை மழையில் வீரம்மா கம்பளியை இழுத்துப் போர்த்தினாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டவள், கம்பளியோடே பூசாரி வாசலுக்கு நடந்தாள். அவன் பின்னால் போனான்.

"அண்ணே, அம்மன் முன்னால அடிக்கிற தப்பு மேளம் எந்தத் தோலு?"

உடையப்பன் யோசித்தார். "அது வேற புள்ள. அத நாம அடிக்கிறோம். இது இவன அடிச்சிருக்கு."

"அப்ப இவரும் அத ஒரு அடி அடிச்சிட்டா?"

[இங்கே உடையப்பனுக்காக மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றையும் வீரம்மா மடக்கிவிட்டாள்.]

"சரி, அடிக்கட்டும்" என்றார்.

5

பந்துக்கு எங்கே போவது? ஆட்டம் முடியும் தறுவாயில் அது லாலானுக்குள் போய்த் தொலைந்திருந்தது. தேடி எடுத்து வரச் சொல்லிப் பத்துமலைக்கு உத்தரவு. மறுநாள் கண்டெடுத்தான். பங்களாவுக்குக் கொண்டுபோகுமுன் லயத்துக்குக் கொண்டுவந்தான்.

லயமே திரண்டது. பந்து என்ன செய்யும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். பெண்கள் சுளகை முகத்துக்குப் பிடித்தார்கள். ஆண்கள் சோற்றுத் தட்டைத் தலையில் கவிழ்த்தார்கள். சன்னாசி மண்வெட்டிக் காம்போடு நின்றான். பத்துமலை எறிந்தான். இரண்டு முறை காற்றுக்குத்தான் அடி விழுந்தது. மூன்றாவது பட்டது.

பந்து எங்கே போனது?

அ) உடையப்பன் மண்டையில். உங்களுக்கு இதுதான் வேண்டும், தெரியும். எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் அவர் கையிலும் காப்பு இருக்கிறது. பிறகு அவரும் பந்தடிக்க வேண்டும், இன்னொருவர் விழுவார், தீமிதிக்கு ஆள் மிஞ்சாது.

ஆ) பங்களாக் கண்ணாடியில். சன்னாசிக்கு வேலை போகும். வேண்டாம்.

இ) வாய்க்காலில்.

வாய்க்காலில்தான் விழுந்தது. பெரும்பாலான பந்துகள் யார்மேலும் படுவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் நாம் திடலுக்கு முதுகு காட்டிக் கச்சான் வாங்குகிறோம்.

உடையப்பன் சன்னாசியின் காப்புக்குப் புதிதாக மஞ்சள் பூசினார்.

6

ஞாயிறு மாலை சன்னாசி தீ மிதித்தான். ஏழே எட்டு வைத்துத் தணலைக் கடந்து பால்குழியில் இறங்கினான். வீரம்மா கையைப் பிடித்து ஏற்றினாள்.

அவள் கை கொதித்தது.

வெகுநேரமாகத் தணல் ஓரத்திலேயே நின்றவள். அங்கே நின்ற எல்லார் கையும் அப்படித்தான் இருக்கும். சன்னாசி தனக்குத்தானே இதைச் சொல்லிக்கொண்டான், மறுபடியும் சொல்லிக்கொண்டான்.

"என்ன, காலு எரியுதா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினான். கையை விடவில்லை.

அடுத்த வரியாக, "வீரம்மா சிரித்தாள்" என்று எழுதினேன். அடித்தேன். "வீரம்மாவின் பற்கள் கிட்டித்தன—" என்று தொடங்கினேன். அதை முடிக்க முடியவில்லை. பிழைக்க வைத்தாலும் பொய், படுக்க வைத்தாலும் பொய். அவனுக்கோ உண்மை வேண்டும்.

நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போங்கள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து அவனிடம் சொல்லுங்கள். அவனாகக் கேட்க மாட்டான்.