எழிலின் இனிஷியல்

பள்ளிக்கூட மாடிப்படியில் வழுக்கி விழுந்து எழில் கையை முறித்துக்கொண்ட அன்று, தகவல் கேட்டு முதலில் ஓடிப்போனவன் கன்னியப்பன்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அவனுக்கு வெல்டிங் வேலை. கழுத்தில் தொங்கிய கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவும் தோன்றாமல் ஆவடி ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினான். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், மயக்க மருந்து கொடுத்துத்தான் எலும்பைச் சேர்க்க வேண்டும் என்றார். கையெழுத்துக்குத் தாளை நீட்டிய நர்ஸ், "அப்பாவா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டான். நர்ஸ் அதையும் எழிலின் பள்ளி அடையாள அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அட்டையில் 'ச. எழில், த/பெ சம்பத்' என்று இருந்தது.

"சார், நீங்க யாரு?"

ஒரே வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய பதில் அவனிடம் இல்லை. எழிலுக்கு நாலு வயதாக இருக்கும்போது அவளுடைய அப்பா சம்பத் லாரி மோதிச் செத்துப்போனான். நாலு வருஷம் ஒண்டியாக இருந்த அவள் அம்மா நாகவல்லியைக் கன்னியப்பன் கட்டிக்கொண்டான். எழிலுக்கு அவன் 'மாமா'. மூன்று வருஷமாக அவளுக்குத் தலை பின்னிவிடுகிறவன் அவன்தான். நாகவல்லிக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலை ஷிப்டு. இதையெல்லாம் நர்ஸிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? நாகவல்லி பர்மிஷன் போட்டுவிட்டு வந்து கையெழுத்திடும்வரை, வலியில் முனகும் பிள்ளையின் தலைமாட்டில் ஒன்றரை மணி நேரம் சும்மா நின்றான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நிற்பு அவனை விடவில்லை.

எழிலைத் தன் மகளாக எழுதிக்கொள்ள வழி உண்டா என்று பத்துப் பேரை விசாரித்து, திருவள்ளூரில் இருக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனான். அங்கே ஆக்னஸ் என்ற அம்மாள் அவனை உட்காரவைத்துப் பேசினாள்.

"தத்துன்னா இல்லத்துலேருந்து கைக்குழந்தைய எடுக்கறது மட்டும்தான்னு நெனச்சீங்களா? அப்படி எடுக்கறதுக்குப் பதிஞ்சு வெச்சுட்டு வருஷக்கணக்கா காத்திருக்கறவங்க இருக்காங்க. கொஞ்சம் வளந்த பிள்ளையா இருந்தாலும் பரவாயில்லன்னு கேட்டு எடுக்கறவங்க இருக்காங்க. கூடப்பொறந்தவங்க தவறிட்டா அவங்க பிள்ளைய எடுத்துக்கறவங்களும் உண்டு. உங்கள மாதிரி, கட்டிக்கிட்டவங்களோட பிள்ளைய முறைப்படி தன் பிள்ளையாக்கிக்கறவங்களும் வர்றாங்க. எல்லாத்துக்கும் வழி இருக்கு."

"அப்போ எழுதிக் குடுத்துர்லாமா மேடம்?"

"பிள்ளைக்குப் பதினோரு வயசுன்னு சொல்றீங்க. அவ சம்மதம் வேணும். அவகிட்ட பேசினீங்களா?"

பேசவில்லை. அவளைக் கேட்கவேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. கூச்சத்தோடு எழுந்து வந்தான்.

அன்று சாயந்தரம் நாகவல்லிதான் மகளிடம் சொன்னாள். எழில் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப இனிமே நான் க. எழிலா?"

"ஆமாடி. அதுக்கின்னா இப்போ?"

மறுநாள் சனிக்கிழமை. எழில் அம்மாவின் போனை எடுத்துச் சித்தப்பாவுக்குப் பேசினாள். சம்பத்தின் தம்பி எத்திராஜ் காட்டுப்பாக்கத்தில் தண்ணீர் கேன் போடுகிறவன். லோடு ஆட்டோவோடு வந்து வாசலிலேயே நின்று, "ரெண்டு நாள் எங்க ஊட்ல இருக்கட்டும் அண்ணி" என்று பிள்ளையை அழைத்துப்போனான். கன்னியப்பனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை ஆயிற்று, எழில் வரவில்லை. கேட்டதற்கு, பள்ளிக்கு லீவு சொல்லிவிடு என்று போனிலேயே பதில் வந்தது.

கன்னியப்பன் கிளம்பிப் போனான். எத்திராஜ் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தான்.

"எழில கூட்டிகினு போலாம்னு வந்தேன்."

"கூட்டிகினு போய் இன்னா பண்ணப் போற? எங்க அண்ணன் பேர அடிச்சிட்டு உன் பேர எழுதப் போற, அதானே?"

"நான் அப்படி நெனைக்கல எத்திராஜு."

"நீ நெனைக்க வேணாம், அது தானா நடக்கும். அவன் இன்னா வெச்சிட்டுப் போனான், ஊடா, நெலமா? செவுத்துல ஒரு போட்டோ. அந்தப் பொண்ணு பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து. அத்தையும் புடுங்கிக்கினா, அப்படி ஒருத்தன் பொறந்தான்றதுக்கு இன்னா சாட்சி கீது?"

கன்னியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த மூன்று வருஷத்தில் நீ எத்தனை தடவை அவளை வந்து பார்த்தாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேனைத் தோளில் வைத்தபடி நின்ற எத்திராஜின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான்.

உள்ளே எழில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது.

"கோவமா மா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"மாமா, எனக்கு அப்பா மூஞ்சி மறந்துபோச்சு. போட்டோல இருக்கற மூஞ்சிதான் தெரியுது. அம்மாகிட்ட சொல்லிடாத."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். தனக்கு இல்லாததைப் பெறும் அவசரத்தில், அவளிடம் மிச்சமிருப்பது எவ்வளவு கொஞ்சம் என்று பார்க்கத் தவறிவிட்டோமே என்று இருந்தது.

"உன் பேர்ல நான் கை வெக்க மாட்டேன் எழிலு. அது எப்படிக் கீதோ அப்படியே இருக்கட்டும்."

"அப்ப நீ எனக்கு இன்னாவா இருப்ப?"

"ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட்றவனா இருக்கேன். எனக்கு அது போதும். அதுவும் நீ சரின்னு சொன்னாத்தான். வேணாம்னு சொல்லு, அந்தத் தத்துக் காய்தமே எழுதாம உட்டுர்லாம். காய்தம் இல்லன்னா நான் இன்னா ஊட்ட விட்டு ஓடியா போயிடுவேன்?"

எழில் எழுந்து துணிப்பையை எடுத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு பைக்கில் வேண்டாம் என்று எத்திராஜே அவளை லோடு ஆட்டோவில் ஏற்றி, ஆவடிவரை கொண்டுவந்து விட்டான்.

பத்து நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழில், "அந்த ஆக்னஸ் மேடத்த வரச் சொல்லு மாமா" என்றாள். ஆக்னஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்தாள். எழிலிடம் தனியாகவும் பேசினாள். என்ன பேசினார்கள் என்று கன்னியப்பன் கேட்கவில்லை. தாள்கள் மேலே போய், விசாரணைக்குத் தேதி வர ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் கை நன்றாகக் கூடிவிட்டது.

திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் அவர்களுக்குப் பக்கத்தில் முகப்பேரிலிருந்து வந்த ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீநாத், அனுசுயா; இருவருக்கும் ஐ.டி. வேலை. அனுசுயாவின் மடியில் எட்டு மாதக் குழந்தை, அவளுடைய துப்பட்டா நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

"பதிஞ்சு மூணரை வருஷம் கழிச்சு வந்தா இவ. போன் வந்தப்போ நான் ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன், அங்கயே அழுதுட்டேன்" என்று அனுசுயா சிரித்தாள். "நீங்க எத்தன வருஷம் காத்திருந்தீங்க?"

கன்னியப்பன் எழிலைக் காட்டினான்.

"எங்க ஊட்ல இவங்கதான் மேடம் மூணு வருசமா என்னைப் பாத்துகினு இருந்தாங்க. தேறுனேனா இல்லையான்னு இன்னிக்குத்தான் சொல்லுவாங்க."

எழில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாகவல்லி அவன் முழங்கையில் இடித்தாள்.

உள்ளே கலெக்டர் அம்மாள் தாள்களைப் புரட்டிவிட்டு எழிலைப் பக்கத்தில் அழைத்தார்.

"இவரு உன்னைச் சட்டப்படி மகளா ஏத்துக்கணும்னு கேக்கறாரு. உனக்கு விருப்பமா? யாரும் சொல்லிக் குடுத்ததச் சொல்ல வேணாம்."

"விருப்பம்தான் மேடம். ஆனா எங்க அப்பா எழுத்து அப்படியே இருக்கணும்."

"இருக்கலாமே. பேரு ச. எழில்னே இருக்கணும்னு இவரும் எழுதிக் குடுத்திருக்காரு."

"அப்படி இல்ல மேடம்." எழில் திரும்பிக் கன்னியப்பனைப் பார்த்தாள். "இவர் எழுத்தும் வேணும். ச.க. எழில்னு போடுங்க. மொதல்ல ச, அப்பறம் க."

கன்னியப்பன் குனிந்துகொண்டான். வெல்டிங் நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது, அடிக்கடி தண்ணீர் வரும் என்று அவன் பின்னால் நாகவல்லியிடம் சொன்னான். அவளும் நம்பியதுபோல இருந்துகொண்டாள்.

உத்தரவு கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே எத்திராஜ் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, முதல்முறையாக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, "இன்னா எழுதிக்கீறாங்க, படி" என்றான். எழில் முதல் வரியிலிருந்து கடைசி முத்திரைவரை ஒன்றுவிடாமல் படித்தாள். பெயர் இருந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். பிறகு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கன்னியப்பன் பக்கம் திரும்பினான்.

"பசிக்குது அண்ணாத்தே. உங்க ஊட்ல வந்தவனுக்குச் சோறு போடற வழக்கம் இல்லையா?"

நாகவல்லி இன்னும் ஒரு ஆழாக்கு அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.