கோதுமை வீட்டில் தங்கியது

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் வங்காளத்து டாக்குரியா வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர்: ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்த ஜம்புநாதன், அவர் மனைவி நாகலட்சுமி, மகன் கோபு, ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் ஜலஜா, அவளைப் பெற்ற நடராஜன், பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மாலதி. ஏழாவது ஆள் கிடையாது. மாடி வீட்டு உத்தமன் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகச் சொல்லித் திரிந்தது அவர் இஷ்டம்.

சம்பந்தி நடராஜன் சாந்த்ராகாச்சியிலிருந்து சும்மா வரவில்லை. மகளை அன்றைக்கே அழைத்துப் போக வந்திருந்தார். சீமந்தம் ஆவதற்கு முன் பெண் பிறந்தகம் திரும்பினால், புக்ககத்தில் சோறு போடவில்லை என்று நாலு பேர் பேசுவார்கள். ஜம்புநாதனுக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் அவர் முதுகு வளையவில்லை.

"முதல்லே சாப்பிடுங்கோ. அப்புறம் பேசலாம்," என்றார்.

இலையில் கோதுமை ரவைச் சாதம் விழுந்தது. முருங்கைக்கீரை போட்ட பருப்பு, வேர்க்கடலைத் துவையல். அரிசிச் சாதம் ஒரு கரண்டி, அதுவும் மோருக்குத்தான். அப்பளத்தைக் காணோம்.

நடராஜன் கையை எடுத்துக்கொண்டார். "சம்பந்தி இலையிலே கீரையும் கோதுமையுமா? அப்போ உத்தமன் சொன்னது நிஜம்தான்."

"என்ன சொன்னார்?"

"உங்காத்து ரேஷன் அரிசி வாராவாரம் வேலைக்காரி பையிலே வெளியே போறதாம். நீங்க விக்கறேளாம். சர்க்கார் சம்பளம் வாங்கிண்டு இது என்ன காரியம்?"

கோபு விருட்டென்று எழுந்தான்.

"உட்காருடா. இலையிலேர்ந்து பாதியிலே எழுந்திருக்கற பழக்கம் நம்மாத்துலே இல்லே," என்றார் ஜம்புநாதன்.

நடந்தது இதுதான். ரேஷன் கார்டுக்கு அரிசி கொஞ்சமாகவும் கோதுமை கூடுதலாகவும் வரும். தஞ்சாவூர்க்காரர்கள் கோதுமையைத் தொடுவார்களா? நாகலட்சுமி அதை வருஷக் கணக்காக மாலதியிடம் தூக்கிக் கொடுத்தாள், அதில் ஒரு பெருமையும் இருந்தது. குறைந்த அரிசியை வெளியில் இரட்டை விலைக்கு வாங்கினார்கள். மிச்சப் பணத்தில் உருளைக்கிழங்கும் அப்பளமும்தான் வரும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஜலஜா குழாயடியில் மயங்கி விழுந்தாள். லேடி டாக்டர் பரிசோதித்து, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுகூட இல்லை என்றாள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டவள், கோதுமையின் கதையை நாகலட்சுமி வாயாலேயே கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அப்படியென்றால் உங்கள் மருமகளின் ரத்தம் வேலைக்காரி வீட்டில் இருக்கிறது."

அந்தச் சிரிப்பு ஜம்புநாதனைச் சுட்டது. ஆனால் கொடுத்ததை நிறுத்துவது எப்படி? அது அவர் குலத்தில் இல்லாத வழக்கம். அன்று மாலையே மாலதியைக் கூப்பிட்டு, இனி கோதுமை இல்லை, அதற்குப் பதில் ரேஷன் அரிசியில் பாதி அவளுக்கு என்றார். மாலதி வாயைப் பொத்திக்கொண்டாள். "பாபு, ரொட்டி தின்று தின்று என் புருஷன் முகமே ரொட்டி மாதிரி ஆகிவிட்டது! இதை முதலிலேயே கேட்டிருப்பேனே, மாஷிமா கோபிப்பார்களோ என்றுதான்..." என்றாள் வங்காளத்தில். மாஷிமா என்றது நாகலட்சுமியை. மறுநாளே தன் வீட்டு முருங்கையிலிருந்து ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்து போட்டாள். கோதுமையே வீட்டுச் சாப்பாடாயிற்று, வெளி அரிசி வாங்குவது நின்றது. அந்தக் காசு பருப்பாகவும் கடலையாகவும் பாலாகவும் வீட்டுக்குள் வந்தது.

இதையெல்லாம் ஜம்புநாதன் சம்பந்தியிடம் விளக்கவில்லை. விளக்கம் கேட்டவருக்கு விளக்கம் கொடுப்பது அவருக்குப் பிடிக்காது. "மாலதி, பையைக் கொண்டா," என்று மட்டும் வங்காளத்தில் குரல் கொடுத்தார்.

மாலதி ஈரக் கையோடு வந்து பையை விரித்தாள். இரண்டு சேர் அரிசி. "யாருக்கு விற்கிறாய்?" என்று கேட்டார் ஜம்புநாதன்.

"விற்பதா? ராத்திரி என் வீட்டுக்கு வாருங்கள், பாபு. பானையில் வேகும்," என்றாள் அவள், சற்றுக் கோபமாகவே.

பல வருஷமாக வங்காளம் பேசிப் பழகிய நடராஜனுக்குப் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜம்புநாதன் அலமாரியிலிருந்து முந்தின வாரத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். எட்டுக்குக் கீழே இருந்தது இப்போது பத்தரை.

"அப்பா, நான் இன்னிக்கு வரல்லே," என்றாள் ஜலஜா. "சீமந்தம் ஆகட்டும், முறைப்படி வரேன். இங்கே எனக்கு நன்னாப் பசிக்கறது."

மகளின் கன்னத்தை நடராஜன் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார். ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"கீரையிலே கொஞ்சம் உப்பு தூக்கல்," என்றார்.

"உங்க பொண்ணு சமைச்சது," என்றாள் நாகலட்சுமி.

"அப்படியா? சரியாத்தான் இருக்கு. இன்னும் ஒரு கரண்டி போடச் சொல்லுங்கோ."

சாயங்காலம் அவர் தனியாகவே ரயிலேறினார். ஜலஜா அடுத்த மாதம் சீமந்தம் முடிந்து, முறைப்படி போனாள்.

ஜம்புநாதன் ரேஷன் அரிசியை விற்றார் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். விற்கவில்லை. மாலதிக்குக் கொடுத்தார்.